கரண்டி வைத்த டிராக்டர்

தங்கசாமிக்குப் புதுச்சாமான் என்றாலே ஆகாது. கடையில் அட்டைப்பெட்டிக்குள் பளபளவென்று எதைப் பார்த்தாலும், "இத நாமளே ஊட்ல செஞ்சுக்கலாமே" என்று தோன்றிவிடும். தோன்றியதோடு நின்றாலும் பரவாயில்லை, செய்தும்விடுவார். பழைய வாஷிங் மெஷினின் டிரம்மைக் கழற்றி நிலக்கடலை கழுவ ஒரு யந்திரம் செய்தார். கடலை சுத்தமாகத்தான் வந்தது. பாதி மட்டும் கூரைமேல் போய் விழுந்தது. டேபிள் ஃபேனை வைத்து எள் தூற்றினார். அந்த எள் பக்கத்துத் தோட்டத்தில் முளைத்தது. கொசு விரட்ட சைக்கிள் பம்பில் வேப்பெண்ணெய் நிரப்பி ஒரு கருவி செய்தார். கொசு போகவில்லை. எருமைகள் இரண்டும் இன்றுவரை அவரைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்கின்றன.

மல்லசமுத்திரத்திலிருந்து ராசிபுரம் போகிற வழியில் அவர் ஊர். உள்ளே நுழைந்து தங்கசாமி வீடு எது என்று கேட்டால், "அந்த டிராக்டர் ஊடுங்களா?" என்று திருப்பிக் கேட்பார்கள். அவருக்குக் கல்யாணம் ஆன வருஷத்தில் வாங்கிய டிராக்டர் அது. ஒரு காலத்தில் நீலமாக இருந்தது என்று அவர் சொன்னால் நம்பிக்கொள்ள வேண்டியதுதான். பவர் ஸ்டியரிங் கிடையாது. திருப்ப வேண்டுமானால் இரண்டு கையும் வேண்டும், கூடவே பல்லையும் கடிக்க வேண்டும். ஆனால் பின்னால் கலப்பையைத் தூக்கும் ஹைட்ராலிக் மட்டும் இன்னும் இளமை குன்றாமல் இருந்தது. "எண்ணெய்ப் பிரஷரு கல்லாட்டம் நிக்குது பாருங்க" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்வார். டாக்டரிடம் காட்டிவிட்டு வந்தவர் தன் பிரஷரைச் சொல்வதுபோல அதில் ஒரு பெருமை.

அவர் மனைவி சென்னியம்மாளுக்கோ டிராக்டர் நிற்கிற கொட்டகைமேல்தான் கண். எருமைகள் இரண்டும் வேப்பமரத்தடியில் நனைகிறபோது, உழவுக்கு யாருமே கூப்பிடாத இந்த இரும்புக்கு மட்டும் ஓட்டுக்கூரையா?

"எருமை பாலாச்சும் குடுக்கும். இது எண்ணெய ஒழுக உட்டுக்கிட்டு நிக்குது" என்பாள்.

ஒருநாள் அவளுடைய அண்ணன் குணசீலன் வந்தார். பக்கத்து ஊரில் பெரிய கோழிப்பண்ணைக்காரர். வெள்ளைச் சட்டை, வெள்ளை வேட்டி தவிர வேறு எதுவும் உடுத்தமாட்டார். கோழிப்பண்ணை வைத்துக்கொண்டு இது என்ன பிடிவாதமோ தெரியாது. தங்கையின் சொல்லைக் கேட்டு, பழைய வண்டி வாங்கும் சங்ககிரிப் புரோக்கர் ஒருவரிடம் டிராக்டரைப் பற்றிப் பேசிவிட்டே வந்திருந்தார்.

டிராக்டரைக் காப்பாற்றத் தங்கசாமி ஏதாவது சொல்லியாக வேண்டும்.

"மச்சான், உங்க பண்ணையில எரு அள்ளறதுக்கு ஒவ்வொரு தடவையும் ஜேசிபிக்காரனத் தேடிக்கிட்டு அலையறீங்கல்ல? இனிமே என்ர டிராக்டரே அள்ளும்."

"எதுல அள்ளுமுங் மாப்ள? கரண்டியிலயா?"

சென்னியம்மாள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். தங்கசாமிக்கு ரோஷம் வந்துவிட்டது. முன்னால் ஒரு பக்கெட் வைக்கப்போவதாகவும், அதற்கு ஜாக், வால்வு எல்லாம் தயார் என்றும் அடித்துவிட்டார். தயாராக இருந்தது வாய் மட்டும்தான்.

குணசீலன் யோசித்தார். "சரி. வர்ற வெள்ளிக்கிழமை பனமரத்துப்பட்டிப் பூக்காட்டுக்கு எரு எடுக்க லாரி வருது. அதை உங்க வண்டி ரொப்பிக் காட்டட்டும். ரொப்பிருச்சுன்னா வருஷம் முச்சூடும் பண்ணை எரு உங்க வண்டிக்குத்தான். ரொப்பலீன்னா சங்ககிரிக்காரர் கையில சாவியக் குடுத்துப்போடோணும். சம்மதமா?"

"சம்மதமுங்க" என்றாள் சென்னியம்மாள். கேட்டது அவளிடம் அல்ல.

மறுநாள் காலையிலேயே தங்கசாமி திருச்செங்கோட்டுக்குப் போனார். ஊர் ஊராகப் போர் போட்டுக் களைத்த ரிக் வண்டிகள் கடைசியில் வந்து சேர்கிற பழைய இரும்புக் கடைகள் அவருக்குக் கோயில் மாதிரி. செருப்பைக் கழற்றாததுதான் குறை. டிப்பர் லாரியில் கிடந்த ஜாக் இரண்டு, கை செய்ய ரிக் பைப், பக்கெட்டுக்குத் தார் டிரம் என்று பொறுக்கினார். கடைசியில் குப்பைக்கு அடியிலிருந்து ஒரு கண்ட்ரோல் வால்வையும் கண்டெடுத்தார். எண்ணெய்க்கு அதுதான் போக்குவரத்துப் போலீஸ். லிவரை முன்னால் தள்ளினால் எண்ணெய் ஜாக்குக்குள் போய்ப் பக்கெட் ஏறும். பின்னால் இழுத்தால் எண்ணெய் திரும்பிவந்து பக்கெட் இறங்கும். நடுவில் வைத்தால் பக்கெட் எங்கே இருக்கிறதோ அங்கேயே நிற்கும். நல்ல வால்வு என்றால் கையை விட்டதும் ஸ்பிரிங் லிவரைத் தானாக நடுவுக்குக் கொண்டுவந்துவிடும். இதில் ஸ்பிரிங் எப்போதோ செத்துப்போயிருந்தது. தள்ளினவர்தான் திரும்பவும் நடுவில் கொண்டுவந்து நிறுத்த வேண்டும்.

மல்லசமுத்திரத்தில் பட்டறை வைத்திருக்கும் கலைமணி எல்லாவற்றையும் பற்றவைத்துக் கொடுத்தான். டிராக்டரின் பம்பிலிருந்து எண்ணெயைப் பிரித்து வால்வுக்கு ரப்பர் ஓஸ் போட்டான். ஓஸ் வலதுபக்க மட்கார்டு வரைக்கும்தான் எட்டியது. வால்வை அங்கேயே முடுக்கினான்.

"இன்னொரு ஓஸ் வாங்கிட்டா வால்வு உங்க கைக்கே வந்துருமுங்ணா."

"பழசு கெடைக்குமா?"

"இந்த அளவுக்குப் புதுசுதானுங்ணா வாங்கோணும்."

"அப்ப வேண்டாம் உடு."

கலைமணி தலையைச் சொறிந்துகொண்டான். "லிவருக்குக் கைப்புடியும் இல்லீங்களே. நீளமா, கைக்கு வாட்டமா எதாச்சும் கம்பி இருந்தாக் கொண்டாங்க."

தங்கசாமி கலைமணியின் பைக்கை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனார். வரும்போது துண்டுக்குள் எதையோ சுருட்டிக்கொண்டு வந்தார். கலைமணி பிரித்துப் பார்த்தான். எவர்சில்வர் சாம்பார்க் கரண்டி.

"அக்காவுக்குத் தெரியுமுங்களா?"

"நீ பத்தவெய்யி."

வீட்டு வாசலில் முதல் வெள்ளோட்டம். பக்கெட்டைக் கவிழ்ப்பதற்கு ஒரு கொக்கியும் கயிறும் இருந்தன. கயிறு டிரைவர் கைக்குப் பக்கத்திலேயே தொங்கியது, அதில் தொந்தரவில்லை. கரண்டிதான் முதுகுக்குப் பின்னால் இருந்தது. தங்கசாமி ஒரு கையால் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு, மறு கையைப் பின்னால் நீட்டி, கழுத்தைத் திருகிக்கொண்டு கரண்டியைத் தேடினார். கரண்டி அகப்பட்டபோது டிராக்டர் சோளத்தட்டுப் போருக்குள் பாதி புகுந்திருந்தது. அவர்மேல் கோபமாக இருந்த எருமைகள் முதல்முறையாகத் திரும்பிப் பார்த்தன.

அந்தச் சத்தத்தில் சென்னியம்மாள் வெளியே வந்தாள். காலையிலிருந்து கரண்டியைக் காணாமல் டம்ளரால் சாம்பார் ஊற்றிக்கொண்டிருந்தவள். மட்கார்டுமேல் அது வெயிலில் மின்னியது.

"ஏனுங்க, அது என்ர கரண்டியில்ல?"

"அது இப்ப கரண்டியில்ல புள்ள. லிவரு."

"லிவரோ கழுதையோ, கழட்டிக் குடுங்க."

அவர் இறங்குவதற்குள் அவள் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு மட்கார்டுமேல் ஏறிவிட்டாள். கரண்டியைப் பிடித்து ஒரு தள்ளு தள்ளினாள். முன்னால் பக்கெட், தட்டுக்கட்டு ஒன்றையும் தூக்கிக்கொண்டு, மெல்ல வானத்தைப் பார்த்து எழுந்தது. அவள் பயந்துபோய் இழுத்தாள். பக்கெட் பதவிசாக இறங்கியது. மறுபடி தள்ளினாள். எழுந்தது.

திரும்பவும் இழுத்துப் பார்த்தாள். இறங்கியது.

"ஏனுங்க, இது நாஞ் சொன்னாக் கேக்குதுங்களா?"

"கேக்குது."

"ஊட்ல அப்படி ஒண்ணு இருந்துட்டுப் போகட்டும்."

கரண்டி கழற்றப்படவில்லை. டிராக்டர் போக வேண்டும் என்பதில் அவளுக்கு மாற்றமில்லை. ஆனால் வெள்ளிக்கிழமை வரைக்கும் கரண்டியைத் தான்தான் பிடிப்பேன் என்று சொல்லிவிட்டாள். தங்கசாமிக்கும் வேறு ஆள் இல்லை. ஸ்டியரிங்குக்கு இரண்டு கையும் வேண்டும் என்று தட்டுப்போரே சொல்லிவிட்டதே.

பயிற்சி தொடங்கியது. பேச்சு மூன்றே சொல்தான்: ஏத்து, எறக்கு, போதும். முதல் இரண்டில் பிசகே இல்லை. சொன்ன நொடியில் கரண்டி அசையும். மூன்றாவதில்தான் வம்பு. "போதும்" என்று அவர் கத்திய பிறகும் பக்கெட் இன்னும் கொஞ்சம் ஏறும். முதலில் துணி காயப்போட்ட கொடி அறுந்தது. அவருடைய பட்டாபட்டி டிரவுசர் பக்கெட் நுனியில் கொடியாகப் பறந்தது. அடுத்து முருங்கைக்கிளை ஒன்று முறிந்து அவர் மடியில் விழுந்தது.

"போதும்னு சொன்னனே, காதுல உழுகலையா?"

"உழுந்துச்சுங்க. அதான் இன்னுங் கொஞ்சம் ஏத்தினேன்."

முருங்கைக்கீரையைத் தலையிலிருந்து உதறிக்கொண்டிருந்த தங்கசாமிக்கு அப்போதுதான் விளங்கியது. அவள் கையில் இருப்பது கரண்டி.

சுற்றுவட்டாரத்தில் எந்தக் கல்யாணம், காதுகுத்து என்றாலும் பந்தியில் பரிமாறச் சென்னியம்மாளைத்தான் கூப்பிடுவார்கள். அவள் வரிசையில் உட்கார்ந்தவர்கள் எழுந்திருக்க அடுத்தவர் கை கொடுக்க வேண்டும். "போதும்" என்று ஒருவர் சொன்னால் அவள் அகராதியில் அதற்கு, 'கூச்சப்படுகிறார், இன்னொரு கரண்டி வை' என்று பொருள். "ஐயோ போதுங்க" என்றால் முழுக்கரண்டி. போதும் என்ற சொல்லுக்கு நிறுத்துகிறவள் என்ன பரிமாறுகிறவள்? அந்த ஊரில் பிறந்து வளர்ந்த யாருக்கும் இது தெரியும். கை அப்படியே பழகிப்போனது. இப்போது அந்தக் கையில் சாம்பாருக்குப் பதில் தார் டிரம்.

வேறு சொல் வைத்துப் பார்த்தார். "நிறுத்து!" என்றதும் அவள் முகம் தொங்கிப்போயிற்று. தெருவில் நாலு பேர் பார்க்க வீட்டுக்காரர் இப்படி அதட்டுவாரா என்று இறங்கிப் போய்விட்டாள். சமாதானம் செய்ய டவுனிலிருந்து அல்வா வரவேண்டியிருந்தது. அடுத்து "ஸ்டாப்" என்றார். அதற்கும் இறங்கினாள்.

"இப்ப எதுக்கு எறங்கற?"

"ஸ்டாப் வந்துருச்சுன்னா எறங்காம என்ன செய்யறது?"

கடைசியில் தங்கசாமிக்கு ஒரு யோசனை வந்தது. அவர் வாழ்க்கையில் செய்த யந்திரங்களிலேயே உருப்படியாக வேலை செய்தது இந்த யோசனைதான் என்று சொல்லலாம். அவளைத் திருத்துவதை விட்டுவிட்டு, 'போதும்' என்பதைக் கொஞ்சம் முன்கூட்டியே சொல்லத் தொடங்கினார். பக்கெட் நிற்க வேண்டிய இடத்துக்கு ஒரு கரண்டி கீழே இருக்கும்போதே "போதும்". அவள் ஒரு கரண்டி கூட வைப்பாள். கச்சிதமாக நிற்கும். வியாழக்கிழமை சாயங்காலம் பக்கெட்டில் தண்ணீர்க்குடத்தை வைத்து மதில்மேல் இறக்கினார்கள். சிந்தவில்லை. "அட, என்னமோன்னு நெனச்சேன்" என்றாள் அவள். தங்கசாமிக்கு அந்தச் சந்தோஷத்தில் அன்றைக்குப் பசியே எடுக்கவில்லை.

வெள்ளிக்கிழமை. பண்ணைக்குப் பின்னால் எரு மலைபோலக் குவிந்திருந்தது. பனமரத்துப்பட்டி லாரிக்காரர் சடையன் லாரியைப் பக்கத்தில் நிறுத்திவிட்டு, டிராக்டரைச் சுற்றிவந்து பார்த்தார். கரண்டி அருகில் வந்ததும் நின்றார்.

"ரசம் ஊத்தறதுக்கு வேற இருக்குதுங்களா?"

"மொதல்ல சோத்தப் போடறோம், இருங்க" என்றாள் சென்னியம்மாள் மட்கார்டுமேலிருந்து.

குணசீலன் வழக்கம்போல வெள்ளையும் சொள்ளையுமாக வந்து நின்றார். வேலை தொடங்கியது. எருவில் முட்டி, அள்ளி, பின்வாங்கி, லாரி ஓரம் வந்து, தங்கசாமி சரியான நேரத்துக்குக் கொஞ்சம் முன்னால் "போதும்" என்பார். பக்கெட் சொன்னபடி நிற்கும். கயிற்றை இழுப்பார். எரு பொதேலென்று லாரிக்குள் விழும். ஒன்று, இன்னொன்று, மற்றொன்று. குணசீலனின் ஏறியிருந்த புருவம் இறங்கியது. "நெனச்சதுக்குப் பரவால்லீங் மாப்ள" என்றுகூடச் சொல்லிவிட்டார். தங்கசாமி டிராக்டரின் பானெட்டைத் தடவிக்கொடுத்தார்.

ஆனால் குணசீலனால் சும்மா நின்று பார்க்க முடியாது. பண்ணையில் கோழி முட்டையிடுவதையே கூட நின்று மேற்பார்வை பார்க்கிறவர். மம்முட்டியை எடுத்துக்கொண்டு லாரிமேல் ஏறிவிட்டார்.

"மாப்ள, ஒசரத்துல இருந்து கொட்டுனாத் தூசி பறக்குது. நீங்க ஓட்டறத மட்டும் பாருங்க. எவ்வளவு எறக்கோணும்னு மேல இருந்து நாஞ் சொல்றேன்."

"வேண்டாமுங் மச்சான், அது வந்து..." என்று தங்கசாமி ஆரம்பித்தார். இன்ஜின் சத்தத்தில் எதுவும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் என்ன சொல்வது? உங்கள் தங்கச்சிக்குப் போதும் என்றால் போதாது என்று அர்த்தம் என்றா?

நிறை பக்கெட் லாரிக்குமேல் போய் நின்றது.

"எறக்கு" என்றார் குணசீலன். இறங்கியது. "எறக்கு, எறக்கு. ஆங், போதும்!"

சரியாக நிற்க வேண்டிய இடத்தில்தான் சொன்னார். அதுதான் தப்பு. அதற்கும்மேல் ஒரு விஷயம் இருந்தது. கேட்பது யார்? பிறந்த வீட்டு அண்ணன். பந்தியில் அண்ணன் உட்கார்ந்தால் மற்றவருக்கு ஒரு கரண்டி என்றால் அவருக்கு இரண்டு.

பக்கெட் இறங்கியது. குணசீலன் பின்னால் நகர்ந்தார். ஈர எருவில் கால் இரண்டும் முழங்கால்வரை புதைந்து, அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

"போதும் சென்னி!"

இன்னும் கொஞ்சம் இறங்கியது.

"ஐயோ, போதும் போதும் போதும்!"

கரண்டி பாசத்தோடு பின்னால் வந்தது. தங்கசாமி கியரைத் தொட்டார், விட்டார். பின்னால் எடுத்தால் பக்கெட்டோடு லாரிப் பலகையும் வந்துவிடும். இன்ஜினை அணைத்தாலும் பக்கெட் தன் கனத்திலேயே இறங்கும். "நிறுத்து!" என்று அலறினார். சென்னியம்மாள் கரண்டியை விடாமலே அவரைத் திரும்பி ஒரு பார்வை பார்த்தாள். அண்ணன் முன்னாலேயே அதட்டலா?

அப்போது குணசீலன் ஒன்று செய்தார். யோசித்துச் செய்ததல்ல, அவள் கையால் எத்தனையோ பந்தியில் சாப்பிட்ட உடம்பு தானாகச் செய்தது. இரண்டு கையையும் விரித்து முன்னால் எருமேல் கவிழ்த்து, அதன்மேல் தானும் குனிந்துகொண்டார். வயிறு உண்மையாகவே முட்டியவன், வாயால் சொல்லிப் பயனில்லை என்று கண்டபின், இலையை இரண்டு கையாலும் மறைத்துக்கொள்வானே, அதே மாதிரி.

கரண்டி டக்கென்று நடுவில் வந்து நின்றது. கையால் இலையை மறைத்தபிறகு எந்தப் பரிமாறுகிறவள் வைப்பாள்? பக்கெட் குணசீலன் முதுகுக்கு மேலே ஒரு முழத்தில் தொங்கியது. அதன் ஓரத்திலிருந்து கொஞ்சம் எரு மட்டும் அவசரப்பட்டு அவர் பிடரியில் விழுந்தது.

சடையன் லாரிக்குப் பின்னால் போய்ச் சிரித்துவிட்டு வந்தார்.

குணசீலனை இழுத்தெடுத்துக் கீழே இறக்கினார்கள். வெள்ளை என்று சொல்ல அவரிடம் கண்முழி மட்டும் மிஞ்சியிருந்தது. "போனக் குடுங்க" என்றார் தங்கசாமியிடம். "சங்ககிரிக்காரர இன்னைக்கே வரச் சொல்றேன்."

தங்கசாமி போனை எடுத்துக் கொடுத்தார். டிராக்டரின் பெரிய டயர்மேல் கையை வைத்துக்கொண்டு நின்றார். கல்யாணத்தன்று கூட அவர் கண் அப்படிக் கலங்கியதில்லை.

"ஏனுங்ணா" என்றது மட்கார்டுமேலிருந்து ஒரு குரல். "லாரி ரொம்பிருச்சுங்களா?"

"எங்க ரொம்புச்சு? பாதிதான்."

"பாதிப் பந்தியில ஆரு எந்திரிக்கச் சொன்னது?"

"அட, நான் என்ன சொல்றேன், நீ..."

"லாரிய ரொப்பிக் காட்டட்டும்னு சொன்னது நீங்க. இன்னும் ரொப்பல. ரொப்பறதுக்கு முன்னால சாவியக் கேட்டா அது என்ன நாயமுங்க? நாங் கரண்டியப் புடிச்சுப் பந்தி முடியாம எறங்குனதா ஆராச்சும் ஒருத்தர் சொல்லட்டும். ஏனுங்க, வண்டிய எடுங்க!"

கொட்டகைக்காக டிராக்டரை விற்கச் சொன்னவளும் இவள்தான் என்பதைத் தங்கசாமி அந்த நேரத்தில் ஞாபகப்படுத்தவில்லை. தாவி ஏறினார். குணசீலன் குழாயடியில் தலையைக் கொடுத்துக்கொண்டிருந்ததால் லாரிமேல் யாரும் இல்லை. பக்கெட் போனது, வந்தது, போனது. லாரி விளிம்பு மட்டத்துக்கு நிறைந்தது.

சடையன் மரியாதைக்காகச் சொன்னார். "போதுங்கம்மா."

இன்னொரு பக்கெட் விழுந்தது.

சடையனுக்குக் கண் விரிந்தது. எந்தப் பண்ணையிலும் மட்டத்துக்குமேல் ஒரு மம்முட்டி போடமாட்டார்கள். சந்தேகத்தைத் தீர்த்துக்கொள்ள மறுபடி சொல்லிப் பார்த்தார். "ஐயோ, ரொம்பப் போதுங்கம்மா." கூம்பாக ஒரு பக்கெட். அப்புறம் அவருக்குச் சூட்சுமம் பிடிபட்டுவிட்டது. இடுப்பில் கையை வைத்துக்கொண்டு, தாலாட்டுப் பாடுகிற மாதிரி, "போதும் தாயி, போதும் தாயி" என்று சொல்லிக்கொண்டே நின்றார். குணசீலன் ஈரத்தலையோடு ஓடிவந்து பார்த்தபோது, லாரி திருவிழாத் தேர் மாதிரி நின்றது.

"யோவ், ஒரு லோடுக்கு ஒண்ணரை லோடு ஏத்திட்டயே!"

"நான் போதும் போதும்னுதாங்க சொன்னேன். அம்மாகிட்டயே கேளுங்க."

"ஆமாங்ணா, பாவம், வாய் ஓயாமச் சொன்னாரு" என்றாள் சென்னியம்மாள்.

சடையன் தார்ப்பாயை இழுத்துக் கட்டினார். "இனிமே எங்க ஊர்ப் பூக்காட்டுக்காரங்க எல்லாரையும் இங்கதான் கூட்டிக்கிட்டு வருவேன். ஆனா ஒண்ணு, அள்ளறது இந்த அம்மாவா இருக்கணும். வேற வண்டின்னா நாங்க வேற பண்ணைக்குப் போயிக்கறோம்."

குணசீலன் லாரியைப் பார்த்தார். தங்கையைப் பார்த்தார். காதிலிருந்து கொஞ்சம் எருவை எடுத்துப் போட்டார். சொன்ன சொல் சொன்னதுதான். லாரி நிறைந்ததற்கு நாலு ஊர் சாட்சி சொல்லும். போனைத் தங்கசாமி கையில் திருப்பிக் கொடுத்தார்.

"நாளைக்கு ரெண்டாவது ஷெட்டுங் மாப்ள. வெடியறதுக்கு முன்னால வந்துருங்க. நான் மேல ஏறமாட்டேன், இப்பவே சொல்லிப்போட்டேன்."

தங்கசாமிக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. ஏறி உட்கார்ந்து, சந்தோஷத்தில் ஹாரனை அமுக்கினார். அது ஊமையாகிப் பல வருஷம் ஆகிறது. அதனால் என்ன? பண்ணைக் கேட்டைத் தாண்டி மல்லசமுத்திரம் ரோட்டில் திரும்புகிறவரைக்கும், எதிரே வந்த டவுன் பஸ் ஒதுங்கி நிற்க, இரண்டு கையாலும் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு வாயாலேயே அடித்துக்கொண்டு போனார்: "பாம்! பாம்! பாம்!"